இருபது ஓவரா, நாற்பது ஓவரா, இரண்டு நாள் ஆட்டமா? பிள்ளைகளுக்கு எதை நடத்துவது

ஒரு மைதானம், எட்டு ஞாயிற்றுக்கிழமை, அறுபது பிள்ளைகள். கிளப் செயலாளருக்கும் பள்ளி பி.டி. ஆசிரியருக்கும் ஒவ்வொரு வருஷமும் இதே தலைவலிதான். இருபது ஓவர் போட்டி வைத்தால் எல்லோரும் வந்துவிடுவார்கள். நாற்பது ஓவர் என்றால் பாதிப் பேர் வருவார்கள். இரண்டு நாள் ஆட்டம் என்று சொன்னால் பெற்றோரே "எதுக்கு சார் அது?" என்பார்கள். "டி20 ஆடி ஆடி பசங்களுக்கு ஒரு பந்தைத் தடுத்துக் கட்டை போடவே தெரியல" என்று பயிற்சியாளர் இன்னொரு பக்கம் புலம்புவார்.

குட்டி ஆட்டம் கிரிக்கெட்டைக் கெடுக்கிறதா என்பது பழைய சண்டை. 1963-ல் இங்கிலாந்துக் கவுண்டிகள் 65 ஓவர் போட்டி தொடங்கின. 2003-ல் அதே இங்கிலாந்து அதை இருபது ஓவராகச் சுருக்கியது. 2008-ல் ஐபிஎல் வந்தபின் பணம் எந்தப் பக்கம் என்பதில் சந்தேகமே இல்லை. 2023 முதல் 2027 வரை ஐந்து சீசனின் ஒளிபரப்பு உரிமை மட்டும் 48,390 கோடி ரூபாய்க்குப் போயிருக்கிறது. 2020-21-ல் கொரோனாவால் நாள் போதாமல் போனபோது சையத் முஷ்டாக் அலி டி20 நடந்தது, விஜய் ஹசாரே ஒருநாள் போட்டி நடந்தது, பல நாள் ஆட்டமான ரஞ்சி மட்டும் நடக்கவில்லை. நீண்ட ஆட்டத்தில் ஆள் பிடித்து வைக்க, டெஸ்ட் ஆடுகிறவர்களுக்கு ஆட்டத்துக்கு 45 லட்சம் வரை ஊக்கத்தொகை என்று 2024-ல் பிசிசிஐ அறிவிக்க வேண்டி வந்தது. அந்த வழக்கு மேல்கோர்ட்டில் நடக்கட்டும். 14 வயசுப் பையன் இந்த ஞாயிறு எதை ஆடுவான் என்பது உங்கள் கையில்தான் இருக்கிறது. அதற்கான கணக்கை மட்டும் இங்கே போட்டுப் பார்க்கலாம்.

## எதை வைத்து அளப்பது

பந்துக் கணக்கு. ஒரு ஆட்டத்தில் ஒவ்வொரு பிள்ளையும் எத்தனை பந்து எதிர்கொள்கிறான், எத்தனை பந்து போடுகிறான்? அணியின் சராசரி இங்கே உதவாது. கடைசியில் நிற்கிறவனுக்கு என்ன கிடைத்தது என்று பார்க்க வேண்டும்.

தேர்வு எந்த ஆட்டத்துக்கு. மாவட்ட, மாநில அணிக்குப் போக நினைக்கிற பிள்ளை அங்கே எத்தனை ஓவர் ஆட்டம் ஆடப்போகிறான்? இதைப் பலரும் விசாரிப்பதே இல்லை.

முதுகு. வளரும் வயதில் வேகப்பந்து போடுகிறவனின் கீழ்முதுகு எலும்பில் கோடு மாதிரி விரிசல் விழலாம். பதினான்கிலிருந்து பத்தொன்பது வரை இந்த ஆபத்து கூடுதல்.

எது பழகும், எது பழகாது. ஆட்டத்துக்கு ஆட்டம் இது மாறும்.

செலவும் ஆளும். மைதான வாடகை, பந்து, அம்பயர், மதியச் சாப்பாடு, டியூஷனுக்குப் போக வேண்டிய பையன்.

முதல் இரண்டுக்கும்தான் எடை அதிகம். செலவைக் கடைசியில் எழுதியிருந்தாலும் நடைமுறையில் முடிவை அதுதான் எடுக்கிறது. அதனால் அதைத் தனியாக ஒரு பார்வை பார்த்துவிடலாம்.

| | இருபது ஓவர் | 30 முதல் 50 ஓவர் | இரண்டு நாள் |
|---|---|---|---|
| ஒரு அணிக்குக் கிடைக்கும் பந்து | 120 | 180 – 300 | சுமார் 480 |
| மைதானம் வேண்டிய நேரம் | 3¼ மணி | 4¾ – 8 மணி | இரண்டு முழு நாள் |
| ஒருவர் போடக்கூடிய ஓவர் | 4 | 6 – 10 | விதியில் வரம்பு இல்லை, நீங்கள்தான் வைக்க வேண்டும் |
| புதுப்பந்து | 2 | 2 | 4 |
| சாப்பாடு | தண்ணீர், பழம் | 30 பேருக்கு ஒரு மதியம் | 30 பேருக்கு இரண்டு மதியம் |
| மழை வந்தால் | ஆளுக்கு 5 ஓவர் கிடைத்தால் முடிவு உண்டு | சர்வதேச விதிப்படி ஆளுக்கு 20 ஓவர் வேண்டும் | பெரும்பாலும் டிரா |

ஓவருக்கு நாலேகால் நிமிஷம் என்று வைத்துப் போட்ட கணக்கு இது. சர்வதேச டி20-யில் ஒரு இன்னிங்ஸுக்கு 85 நிமிஷம் தருகிறார்கள், அதுவும் இதே வேகம்தான். 13 வயசுப் பிள்ளைகள் அந்த வேகத்தில் முடிக்கமாட்டார்கள். ஒரு இன்னிங்ஸில் 20 வைடு போவது புதிதில்லை. அது மூன்று ஓவருக்கு மேல் கூடுதல் வேலை. காலை 7 மணி ஆட்டத்தை 10-க்கு முடித்து அடுத்த ஆட்டத்தை உடனே தொடங்கலாம் என்று அட்டவணை போடுகிறவர்கள் இங்கேதான் மாட்டிக்கொள்வார்கள். இரண்டு ஆட்டத்துக்கு நடுவே முக்கால் மணி விட்டு வையுங்கள்.

## இருபது ஓவர்

ஸ்கோர் புத்தகத்தில் 14 வயசுக்குட்பட்டோரின் ஒரு சாதாரண டி20 இன்னிங்ஸைப் பிரித்துப் பாருங்கள். கிட்டத்தட்ட இப்படி இருக்கும்: ஓப்பனர் ஒருவன் 45 பந்து, கூட இறங்கியவன் 20, ஒன் டவுன் 28, நாலாவது 12, ஐந்தாவது 8, ஆறாவது 4, ஏழாவது 3. கூட்டினால் 120. எட்டிலிருந்து பதினொன்று வரை பேடு கட்டி உட்கார்ந்திருந்துவிட்டுக் கழற்றியவர்கள். பந்து போட்டது ஐந்து பேர், ஆளுக்கு நாலு ஓவர். இந்த ஐவரில் மூவர் கீழ்வரிசையிலிருந்தும் இருவர் மேல்வரிசையிலிருந்தும் வந்தார்கள் என்று வைத்துக்கொண்டாலும் மூன்று பேர் மிச்சம். அவர்களுக்கு அன்றைக்குக் கிடைத்தது ஆளுக்கு மூன்று நான்கு பந்து, ஒருவனுக்கு அதுவும் இல்லை.

விடியற்காலை ஐந்தரைக்கு எழுந்து, கிட் பையைத் தூக்கிக்கொண்டு பஸ் பிடித்து வந்து, இருபது ஓவர் டீப் மிட்விக்கெட்டில் நின்றுவிட்டுப் போன பிள்ளைகள் அவர்கள். சீசனில் எட்டு ஆட்டமும் இப்படியே போனால் அடுத்த வருஷம் வரமாட்டார்கள். சுத்துகிற பழக்கம் வந்துவிடும் என்று எல்லோரும் பயப்படுகிறார்கள். அந்தப் பழக்கத்தை நெட்ஸில் திருத்திவிடலாம். ஆளே வராமல் போனால் யாரைத் திருத்துவது?

இதைச் சரிசெய்ய ஓவரைக் கூட்ட வேண்டியதில்லை, விதியை மாற்றினால் போதும். ஒருவருக்கு மூன்று ஓவர் மட்டும் என்றால் குறைந்தது ஏழு பேர் பந்து போட்டாக வேண்டும். இரண்டு ஓவர் என்றால் பத்துப் பேர். 30 பந்து ஆடியவன் வெளியே வந்து உட்கார வேண்டும், மற்றவர்கள் அவுட்டானால் திரும்ப இறங்கலாம். 12 வயசுக்குக் கீழே என்றால் வைடுக்கு இரண்டு ரன் கொடுத்துவிட்டு மறுபந்து வேண்டாம் என்று வையுங்கள், கடைசி ஓவர் மட்டும் விலக்கு. "இதெல்லாம் உண்மையான டி20 இல்லையே" என்று பிள்ளைகள் முறைப்பார்கள். முறைக்கட்டும், எல்லோருக்கும் காஜி (பேட்டிங் வாய்ப்பு) கிடைத்தால் இரண்டாவது வாரத்தில் மறந்துவிடுவார்கள்.

எல்லைக்கோட்டையும் கவனியுங்கள். ஆண்களின் சர்வதேச ஆட்டத்தில் அது 65 கஜத்துக்குக் குறையக் கூடாது. அதற்காகச் சிறுவர்களுக்கு 30 மீட்டரில் கயிறு போட்டுவிட்டால் மட்டையின் மேல்விளிம்பில் பட்டதெல்லாம் சிக்ஸர். நல்ல பந்து போட்ட பையன் அதைப் பார்த்து வேகத்தைக் கூட்டித் தட்டையாகப் போட ஆரம்பிப்பான். 13 வயசுக்கு 40 மீட்டராவது இருக்கட்டும்.

அடுத்தது முதுகு. டி20-யில் நாலு ஓவர்தானே, என்ன ஆகிவிடும் என்பது பொதுவான நம்பிக்கை. ஒரு ஆட்டம் என்றால் சரிதான். ஆனால் உள்ளூர் டோர்னமென்ட்டில் ஒரே நாளில் லீக், அரையிறுதி, இறுதி என மூன்று ஆட்டம் வைக்கிறார்கள். மூன்று நான்கு பன்னிரண்டு ஓவர். இங்கிலாந்து கிரிக்கெட் வாரியம் வேகப்பந்து போடும் பிள்ளைகளுக்கு வைத்திருக்கிற வரம்பு 13 வயசுக்குட்பட்டோருக்கு ஒரு நாளைக்கு 10 ஓவர், ஒரே மூச்சில் 5. 15 வயசு வரை நாளைக்கு 12, ஒரே மூச்சில் 6. ஆக, 13 வயசுப் பையன் 'குட்டி' ஆட்டம் மூன்று ஆடியே வரம்பைத் தாண்டிவிட்டான். போதாததற்கு நடுநடுவே இரண்டு மணி நேரம் நிழலில் உட்கார்ந்து உடம்பு ஆறிப்போய், திரும்ப முழு வேகத்தில் ஓடிவருகிறான். இரண்டு நாள் ஆட்டத்தில் அடிபடுவதைவிட இப்படித்தான் அதிகம் அடிபடுவார்கள். ஒரு நாளைக்கு இரண்டு ஆட்டத்துக்கு மேல் வைக்காதீர்கள். மூன்றாவது ஆட்டம் தவிர்க்க முடியாது என்றால் முதல் இரண்டில் முழுதாகப் போட்டவனுக்கு அதில் ஓய்வு கொடுங்கள்.

இவ்வளவு சொன்னதால் டி20 கொடுப்பதை மறைக்கக் கூடாது. பீல்டிங்கை இது தூக்கி நிறுத்திவிட்டது. ஓடிவந்து ஒரே கையால் எடுத்து வீசுவது, எல்லைக்கோட்டில் பிடித்துக் கூட்டாளிக்குத் தட்டிவிடுவது எல்லாம் இன்றைக்குப் பள்ளிப் பிள்ளைகளுக்கே சாதாரணம். யார்க்கரும் ஸ்லோ பாலும் கைவருகின்றன, அழுத்தத்தில் கடைசி ஓவர் போடுகிற துணிச்சலும் வருகிறது. சுழற்பந்து செத்துவிடும் என்று ஆரம்பத்தில் பயந்தார்கள், கடைசியில் மணிக்கட்டுச் சுழலர்கள்தான் இந்த ஆட்டத்தின் ராஜாக்கள் ஆனார்கள். ஆனால் அது பெரியவர்கள் மட்டத்தில். 13 வயசு ஆஃப் ஸ்பின்னர் காற்றில் தூக்கிப் போட்ட இரண்டு பந்து சிக்ஸருக்குப் போனால், கேப்டன் அடுத்த ஓவர் தரமாட்டான். அவனும் பயத்தில் பந்தைச் சுழற்றுவதை விட்டுவிட்டுக் குத்த ஆரம்பிப்பான்.

பிந்தி வருகிறவர்களுக்கும் இந்த ஆட்டம் வழி விடுகிறது. வருண் சக்ரவர்த்தி கட்டடக்கலை படித்துவிட்டு, டென்னிஸ் பால் ஆட்டத்தில் புரண்டுவிட்டு, 2018 டிஎன்பிஎல்லில் (தமிழ்நாடு பிரீமியர் லீக்) வெளிச்சத்துக்கு வந்தவர். அந்த டிசம்பர் ஏலத்தில் 8.4 கோடிக்குப் போனார். சேலம் சின்னப்பம்பட்டி நடராஜன் 2015-லேயே ரஞ்சி ஆடியிருந்தாலும் அவருடைய யார்க்கரை நாடறிய வைத்தது டிஎன்பிஎல்தான். 16 வயசுத் தேர்வில் கண்ணில் படாதவனுக்கு இருபத்துமூன்றில் இன்னொரு வாய்ப்பு என்பதை நீண்ட ஆட்டம் மட்டும் இருந்த காலம் அவ்வளவு சுலபத்தில் கொடுத்ததில்லை.

## முப்பது, நாற்பது, ஐம்பது ஓவர்

யாரும் இதற்காகச் சண்டை போடுவதில்லை. தொலைக்காட்சியில்கூட ஒருநாள் ஆட்டத்துக்கு இப்போது கூட்டம் குறைவு. பிள்ளைகளுக்கு என்று வரும்போது, கொடுத்த காசுக்கு அதிகம் கிடைப்பது இதில்தான்.

முப்பது ஓவர் என்றால் 180 பந்து. டி20-யைவிட அறுபது பந்து கூடுதல். அந்த அறுபதும் பெரும்பாலும் நாலாவதிலிருந்து எட்டாவது வரை இறங்குகிறவர்களுக்குப் போய்ச் சேரும். ஒருவருக்கு ஆறு ஓவர் என்பதால் இரண்டு மூன்று துண்டாகப் போடலாம், வரம்பும் தாண்டாது. விக்கெட் விழுந்தால் அடுத்து வருகிறவன் மூன்று ஓவர் கட்டை போட்டு நிலைத்துக்கொள்ள நேரம் உண்டு. முதல் பந்திலேயே தூக்கி அடிக்க வேண்டிய கட்டாயம் இல்லை. சிங்கிள் தட்டி ஓடி ஸ்ட்ரைக் மாற்றுவதை நடு ஓவர்கள்தான் கற்றுக்கொடுக்கும். எதிரணி நாலு பேரை வட்டத்துக்கு வெளியே வைத்திருக்கும்போது பவுண்டரி இல்லாமல் ஓவருக்கு ஐந்து எடுப்பது எப்படி என்பதற்கு வேறு பள்ளிக்கூடம் கிடையாது.

12, 13 வயசுக்கு 30 ஓவர். 16 வரை 40. அதற்கு மேல் 50. இதற்குமேல் விதி எதையும் மாற்ற வேண்டியதில்லை.

பந்து விஷயத்தில் சர்வதேச விதியைக் காப்பியடிக்காதீர்கள். 2011-லிருந்து ஒருநாள் சர்வதேச ஆட்டத்தில் இரண்டு முனைக்கும் தனித்தனி புதுப்பந்து. அதனால் எந்தப் பந்தும் 25 ஓவருக்கு மேல் பழசாகவில்லை, பழைய பந்து எதிர்ப்பக்கம் வளையும் ரிவர்ஸ் ஸ்விங் அரிதாகிப் போனது. 2025-ல் ஐசிசியே இறங்கிவந்து 34 ஓவர் வரை இரண்டு, அதன்பின் அதில் ஒன்று என்று மாற்றியது. உங்கள் ஆட்டத்தில் இன்னிங்ஸுக்கு ஒரே ஒரு சிவப்புப் பந்து போதும். செலவும் பாதி, நாற்பதாவது ஓவரில் தேய்ந்த பந்தைப் பிடித்துச் சுழற்றவும் பிள்ளைகள் பழகுவார்கள். வெள்ளைப் பந்தும் கலர் ஜெர்சியும் ஆடம்பரம். 13 வயசுக்கு 133 முதல் 144 கிராம் சிறுவர் பந்தே சரி. 156 கிராமுக்கு மேல் இருக்கிற ஆண்கள் பந்தைக் கொடுத்தால் தோள்தான் போகும்.

குறை என்ன? நாற்பது ஓவர் என்றால் சாப்பாட்டு இடைவேளையோடு ஆறரை மணி நேரம் ஆகும். மைதானத்தை அரைநாள் வாடகைக்கு எடுக்க முடியாது. மதியம் 30 பேருக்குச் சாப்பாடு போட வேண்டும்: இரண்டு அணி, அம்பயர்கள், ஸ்கோரர், ஆடுகளத்தில் மேட் (பாய்) விரித்தவர். இரண்டாவது பேட்டிங் மதிய வெயிலில் போகும். ஒருபக்க ஆட்டமும் இதில்தான் வலிக்கும். 40 ஓவர் ஆட்டத்தில் ஒரு அணி 60-க்கு ஆல் அவுட் ஆனால் பதினொரு மணிக்கே எல்லாம் முடிந்து, சமைத்த சாப்பாடு வரும்வரை எல்லோரும் மரத்தடியில். அப்போது அதே அணிகளை வைத்து உடனே ஒரு 15 ஓவர் ஆட்டம் போடுங்கள், காலையில் ஆடாதவர்களை மேலே இறக்கி.

## இரண்டு நாள் ஆட்டம்

மூன்றிலும் சிக்கலானது இதுதான். யாருக்கு வேண்டும், யாருக்கு வேண்டாம் என்பதும் இதில்தான் தெளிவாகப் பிரியும்.

முதலில் தேர்வு. பிசிசிஐ நடத்துகிற 16 வயசுக்குட்பட்ட ஆண்களுக்கான விஜய் மெர்ச்சன்ட் டிராபி மூன்று நாள் ஆட்டம். 19 வயசுக்குட்பட்டோருக்குக் கூச் பெஹார் டிராபி நான்கு நாள், வினூ மன்கட் டிராபி ஒருநாள். 23-க்குள் சி.கே. நாயுடு டிராபி நான்கு நாள். பட்டியலை மறுபடி பாருங்கள்: பையன்களுக்கான இந்தப் படிக்கட்டில் டி20 இல்லை. 19 வயசு ஆண்கள் உலகக் கோப்பையும் 50 ஓவர்தான். அப்படியிருக்க, வருஷம் முழுக்க இருபது ஓவர் ஆடிய பையனை மூன்று நாள் ஆட்டத்துக்கான தேர்வில் கொண்டுபோய் நிறுத்தினால் ஆஃப் ஸ்டம்ப்புக்கு வெளியே போகிற ஐந்தாவது பந்தில் மட்டையை நீட்டிவிடுவான். விடுவதைப் பழகாதவன் விடமாட்டான்.

ஐபிஎல்லை நினைத்துப் பிள்ளையை டி20-க்கே நேர்ந்துவிடுகிற பெற்றோருக்கும் ஒரு உதாரணம். 14 வயசில், 2025 ஏப்ரலில், 35 பந்தில் ஐபிஎல் சதம் அடித்தார் வைபவ் சூர்யவன்ஷி. அவர் அதற்கு முந்தைய வருஷ ஜனவரியிலேயே பீகாருக்கு ரஞ்சி ஆடியவர். சேப்பாக்கத்தில் ஆஸ்திரேலியாவின் 19 வயசு அணிக்கு எதிராக நான்கு நாள் ஆட்டத்தில் 58 பந்தில் சதம் அடித்த பிறகுதான் ஐபிஎல் ஏலத்தில் 1.10 கோடிக்குப் போனார். வாஷிங்டன் சுந்தரை எல்லோரும் டி20 ஆள் என்றே நினைத்திருந்தார்கள். மூன்று வருஷத்துக்கு மேல் முதல்தர ஆட்டமே (ரஞ்சி போன்ற பல நாள் ஆட்டம்) ஆடாமல் 2021 ஜனவரியில் பிரிஸ்பேனில் டெஸ்ட்டில் இறங்கி 62 அடித்தார், ஷர்துல் தாக்கூரோடு சேர்ந்து 123 ரன். பார்த்தவர்களுக்கு ஆச்சரியம். ஆனால் 2017-ல் தமிழ்நாட்டுக்கு ஓப்பனராக இறங்கி திரிபுராவுக்கு எதிராக 159 எடுத்தவர் அவர். அடித்தளம் முன்பே போட்டாகிவிட்டது.

எது பழகும் என்றால்: ஒரு சுழலர் ஒரே ஆளுக்குப் பதினைந்து பந்து போட்டு, பதினாறாவதில் மாட்டவைக்கிற பொறுமை. விக்கெட் கீப்பருக்குப் பக்கத்தில் ஸ்லிப்பில் நின்று பிடிப்பது. டி20-யில் இரண்டாவது ஓவருக்குப் பிறகு ஸ்லிப்பே இருப்பதில்லை. பிறகு, ஜெயிக்க முடியாத ஆட்டத்தைத் தோற்காமல் காப்பாற்றுவது. இது வேறெங்கும் கிடைக்காது.

இப்போது மறைமுகச் செலவுகள். ஒன்று, மேட். நம் ஊர்ப் பள்ளி மைதானங்களில் பலவற்றில் மேட் விக்கெட்தான். மேட் தேயாது, வெடிக்காது. இரண்டாவது நாள் மதியமும் முதல் ஓவர் மாதிரியே எகிறும். ஆடுகளம் உடைந்து பந்து திரும்புவதைச் சமாளிக்கிற பாடம் இதில் கிடைக்காது. மேட்டில் இரண்டு நாள் ஆட்டம் வைத்தால் பொறுமை பழகும், நாலாவது இன்னிங்ஸ் பழகாது. டர்ஃப் (இயற்கை ஆடுகளம்) கிடைக்காவிட்டால் இரண்டு நாளை இரண்டு நாற்பது ஓவர் ஆட்டமாகப் பிரித்துவிடுவது பல நேரம் புத்திசாலித்தனம்.

இரண்டு, புள்ளி முறை. ரஞ்சியில் முழு வெற்றிக்கு 6, டிராவில் முதல் இன்னிங்ஸ் முன்னிலைக்கு 3, மற்றவருக்கு 1. இதை அப்படியே இரண்டு நாள் ஆட்டத்துக்கு எடுத்துப் போட்டால் என்ன நடக்கும்? டாஸ் ஜெயித்தவன் ஒன்றரை நாள் ஆடுவான், மூன்று புள்ளிக்காக. எதிரணியில் பாதிப் பேர் பேட் பிடிக்காமலே வீட்டுக்குப் போவார்கள். டி20-யில் பார்த்த அதே நோய் வேறு வேஷத்தில் வரும். அதனால் முதல் இன்னிங்ஸை 50 ஓவரில் பூட்டுங்கள். நாளைக்கு 80 ஓவர் என்றால் மொத்தம் 160. நூறு போக 60 ஓவர் மிச்சம், ஆளுக்கு 30 இரண்டாவது இன்னிங்ஸுக்கு. அதில் டிக்ளேர் செய்யலாம் (விக்கெட் மிச்சம் இருக்கும்போதே இன்னிங்ஸை முடித்துக்கொள்வது). முன்னிலைக்கு 2, வெற்றிக்கு 6 என்று இடைவெளியைக் கூட்டினால் கேப்டன் துணிந்து டிக்ளேர் செய்வான். ஃபாலோ ஆன் (பின்தங்கிய அணியை உடனே மறுபடி ஆடவைப்பது) வைத்துக்கொள்ள விரும்பினால், இரண்டு நாள் ஆட்டத்துக்கு விதிப்படி 100 ரன் வித்தியாசம் வேண்டும். ஐந்து நாள் ஆட்டத்தின் 200-ஐ எழுதிவிடாதீர்கள்.

மூன்று, ஞாயிற்றுக்கிழமை டியூஷன். சனிக்கிழமை 60 அடித்தவன் மறுநாள் வரமாட்டான். ஒன்பது பேரோடு பீல்டிங் நிற்கும் அணியைப் பார்ப்பதைவிடக் கஷ்டம் வேறில்லை. 13 பேரைப் பட்டியலில் எழுதி, அதில் எந்த 11 பேரும் பேட் பிடிக்கலாம், எந்த 11 பேரும் பீல்டிங் நிற்கலாம் என்று போட்டி விதியிலேயே வைத்துவிடுங்கள். கிரிக்கெட் விதிகளை எழுதுகிற எம்சிசி-யின் விதிப்புத்தகம் ஒத்துக்கொள்ளாது. உங்கள் போட்டிக்கு நீங்கள்தான் வாரியம்.

நான்கு, பந்துவீச்சு வரம்பு. ஒருநாள் ஆட்டத்தில் இருக்கிற பத்து ஓவர் கட்டுப்பாடு இங்கே இல்லாததால், நன்றாகப் போடுகிறவனையே கேப்டன் விடாமல் போடவைப்பான். 16, 17 வயசுக்கு ஒரே மூச்சில் 7, நாளைக்கு 18 ஓவர் என்ற வரம்பை அம்பயரிடம் எழுதிக் கொடுங்கள். கேப்டனிடம் கொடுத்தால் மறந்துவிடுவான்.

13 வயசுக்குக் கீழே இரண்டு நாள் ஆட்டம் வேண்டவே வேண்டாம். கவனம் நிற்காது.

## பெண் பிள்ளைகளுக்குக் கணக்கே வேறு

மேலே சொன்ன படிக்கட்டைப் பெண்களுக்கு அப்படியே திருப்பிப் போட வேண்டும். 19 வயசுக்குட்பட்ட பெண்களுக்கு பிசிசிஐ டி20, ஒருநாள் இரண்டும் நடத்துகிறது. அவர்களின் 19 வயசு உலகக் கோப்பையே டி20. 2023-லும் 2025-லும் இந்தியாதான் ஜெயித்தது, 2025 அணியில் தமிழ்நாட்டு ஜி. கமலினி விக்கெட் கீப்பராக ஆடினார். 2023-ல் மகளிர் பிரீமியர் லீக் வந்துவிட்டது. 2028 லாஸ் ஏஞ்சலிஸ் ஒலிம்பிக்ஸும் டி20. பெண்கள் டெஸ்ட் அபூர்வம். 2024-ல் சேப்பாக்கத்தில் ஷஃபாலி வர்மா 205 அடித்த மாதிரி ஒன்று எப்போதாவது வரும்.

அதனால் பெண்கள் அணிக்கு டி20 முக்கிய ஆட்டமாகவே இருக்கட்டும். முப்பது ஓவர் ஆட்டம் மாதத்துக்கு ஒன்று சேர்த்தால் போதும். பந்து 140 முதல் 151 கிராம். பல இடங்களில் பையன்களின் மிச்சப் பந்தைக் கொடுத்துவிடுகிறார்கள். அது கனம் கூடிய பந்து, பந்துவீச்சும் த்ரோவும் இரண்டுமே கெடும்.

## எட்டு ஓவர் டென்னிஸ் பால்

இது தனி உலகம். பண்டிகை விடுமுறைக்கு ஊர் டோர்னமென்ட் ஆடட்டும், தடுக்காதீர்கள். ஸ்டிச் பால் (தோல் பந்து) தேர்வுக்கு முந்தைய இரண்டு வாரம் மட்டும் வேண்டாம். டென்னிஸ் பால் மெதுவாக வந்து மேலே எழும். அதற்குப் பழகிய கை மட்டையைக் கொஞ்சம் நிதானமாகவே இறக்கும். அதே கை ஸ்டிச் பாலில் காலதாமதமாக இறங்கி ஸ்டம்ப்பைப் பறிகொடுக்கும்.

## யாருக்கு எது, எப்போது

புதிதாகச் சேர்ந்த 10, 11 வயசு: விதி மாற்றிய டி20 மட்டும். சீக்கிரம் முடியும், எல்லோருக்கும் கை கிடைக்கும்.

12, 13: முப்பது ஓவரை அடிப்படையாக வையுங்கள். மூன்று ஆட்டத்தில் ஒன்று டி20.

14 முதல் 16 வரை மாநிலத் தேர்வுக்குப் போகிற பையன்: நாற்பது ஓவர் வழக்கமாக, தேர்வுக்கு முன் குறைந்தது மூன்று இரண்டு நாள் ஆட்டம், முடிந்தால் டர்ஃபில். அதே வயதில் மாநில அணி எண்ணமே இல்லாமல் சும்மா ஆட வருகிறவனுக்கு டி20-யும் முப்பது ஓவரும் போதும். அவனை இரண்டு நாள் ஆட்டத்தில் இழுத்து உட்காரவைத்தால் கிரிக்கெட்டையே விட்டுவிடுவான்.

17-க்கு மேல் வேகப்பந்து போடுகிறவன்: எந்த ஆட்டம் என்பதைவிட வாரக் கணக்கு முக்கியம். கல்லூரி, கிளப், டென்னிஸ் பால் என மூன்று இடத்தில் ஆடுவான். மூன்று கேப்டனுக்கும் ஒருவரையொருவர் தெரியாது. ஓவரை அவனே எழுதி வைக்கட்டும்.

காலண்டரும் பாதி முடிவை எடுத்துவிடும். ஏப்ரல், மே வெயிலில் நாற்பது ஓவர் கொடுமை, காலை ஆறரை மணி டி20-க்கு அதுதான் பருவம். அக்டோபர் முதல் டிசம்பர் நடு வரை வடகிழக்குப் பருவமழை, இரண்டு நாள் ஆட்டம் எழுதினால் ஒரு நாள் தண்ணீரில் போகும். அரையாண்டு விடுமுறையும் பொங்கல் விடுமுறையும்தான் இரண்டு நாள் ஆட்டத்துக்கு ஏற்றவை: வெயில் தணிந்திருக்கும், டியூஷனும் இருக்காது. மைதானத்தை இப்போதே சொல்லி வையுங்கள், எல்லாக் கிளப்பும் அதே நாட்களைத்தான் கேட்கும்.

எதை நடத்தினாலும் ஸ்கோர் புத்தகத்தின் பின்பக்கத்தில் பிள்ளைகள் பெயருக்கு எதிரே இரண்டு கட்டம் போடுங்கள், ஆடிய பந்து, போட்ட பந்து. நாலாவது ஆட்டம் முடிந்ததும் கூட்டிப் பாருங்கள். இரண்டும் சேர்த்து ஐம்பதைத் தாண்டாதவன் யாரோ, ஐந்தாவது ஆட்டத்தில் அவன்தான் ஓப்பனிங்.